முகூர்த்த நாளில் குவியும், ஆடியில் காணோம்

கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் சாப்பாட்டை எடுத்துப்போய்க் கொடுக்கும் அமைப்புகள் சென்னை, கோவை எல்லாவற்றிலும் இருக்கின்றன. கோவையில் 2014-ல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் பலருக்கும் தெரிந்த பெயர். நல்ல வேலை, சந்தேகமே இல்லை. சிக்கல் போன் வரும் நேரத்தில் இருக்கிறது. ரிசப்ஷனில் எல்லோரும் கை கழுவிப் போன பிறகு, அண்டா கழுவும்போதுதான் மிச்சம் கண்ணில் படும். அப்போது மணி பத்தரை. வண்டி போய் ஏற்றி வருவதற்குள் பிளாட்பாரத்தில் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். கடைசிப் பந்திக்கு இலை போடும்போதே அழைக்கும்படி மண்டப மேனேஜரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

போனில் "சாதம் நிறைய இருக்கு" என்பார்கள். குழம்பு எவ்வளவு என்று கேளுங்கள். 20 கிலோ சாதம் ஐம்பது பேருக்கு வரும், அதற்குச் சாம்பார் 10 லிட்டராவது வேண்டும். தேங்காய்ச் சட்னி, தயிர்ப் பச்சடியைத் தொடவே வேண்டாம். இலையிலோ பஃபே தட்டிலோ வைத்ததும் கூடாது.

ஊசிப்போனால் வாடை காட்டிக்கொடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சோற்றில் வரும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்து உலைக் கொதியிலும் சாகாது. மூடிய அண்டாவின் நடுவில் மணிக்கணக்காக இருக்கும் வெதுவெதுப்பில் அது பெருகி நஞ்சு விடும். மறுபடி சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. தெர்மாமீட்டர் கம்பியை நடுச்சோற்றில் குத்திப் பாருங்கள். 60 டிகிரிக்குக் கீழே இறங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். கொடுக்க வந்தவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இதனால் வறுமை குறைகிறதா? ரேஷனில் 2011 முதல் அரிசி இலவசம். கார்டு இருக்கும் குடும்பத்துக்கு இழுபறி பருப்பிலும் எண்ணெயிலும் கேஸிலும்தான். சமைத்த சோறு உண்மையில் உதவுவது அடுப்பே இல்லாதவர்களுக்கு: அரசு ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருக்கும் நோயாளியின் சொந்தக்காரர்கள், தெருவில் வசிப்பவர்கள், வேலை நின்றுபோன வெளிமாநிலத் தொழிலாளர்கள். 2013-ல் வந்த அம்மா உணவகத்தின் பலமே, ஒரு ரூபாய் இட்லி நாளைக்கும் அங்கே இருக்கும் என்ற நம்பிக்கை. யாருக்கும் கைகூப்பவும் வேண்டாம்.

மிச்சச் சாப்பாட்டில் அந்த நிச்சயம் வராது. வைகாசி முகூர்த்தத்தில் பத்து மண்டபத்திலிருந்து அழைப்பு வரும், ஆடியிலும் மார்கழியிலும் போனே அடிக்காது. பசிக்கு ஏது முகூர்த்தம்? அந்த இரண்டு மாதத்துக்கும் துவரம்பருப்பும் எண்ணெயும் வாங்க முன்கூட்டியே பணம் ஒதுக்காத அமைப்புக்கு நான் நன்கொடை கொடுக்க யோசிப்பேன்.