பயந்தவன் வீரன் இல்லையா?
போர்ப் படத்தில் சிப்பாய் பயப்படுவதைக் காட்டினால் வீரத்தின் மதிப்பு குறைந்துவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் உலகப் போரைப் பற்றி 1930-ல் வந்த 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரன்ட்' படத்தில், குண்டு விழுந்த பள்ளத்தில் பதுங்கியிருக்கும் ஜெர்மன் இளைஞன் பால், உள்ளே குதித்த பிரெஞ்சுச் சிப்பாயைப் பயத்தில் குத்திவிடுகிறான். அவர் உடனே சாவதில்லை. முனகலைக் கேட்டபடி பக்கத்திலேயே கிடக்கிறான் பால், வாயில் தண்ணீர் விட்டுப் பார்க்கிறான், செத்தவரிடம் மன்னிப்புக் கேட்டு அழுகிறான். அப்புறம் அவர் சட்டைப்பையில் மனைவி, குழந்தையின் புகைப்படம். இதைப் பார்த்துவிட்டு பாலைக் கோழை என்று யாருக்குச் சொல்ல மனம் வரும்? மேலே பின்னூட்டத்தில் ஒருவர் 'எதிரியைக் கொன்றால்தானே வீரன்' என்று கேட்டிருக்கிறார். சரி, டெஸ்மண்ட் டாஸை என்ன சொல்வீர்கள்? இரண்டாம் உலகப் போரில் ஆயுதத்தையே தொட மறுத்த அமெரிக்க ராணுவ மருத்துவ உதவியாளர். 1945-ல் ஜப்பானின் ஒகினாவா தீவில் காயம்பட்டவர்களைக் கயிற்றில் கட்டி, செங்குத்துப் பாறை விளிம்பிலிருந்து ஒவ்வொருவராக இறக்கினார். 75 பேர் என்கிறது அவருக்குக் கிடைத்த 'மெடல் ஆஃப் ஹானர்' என்ற அமெரிக்காவின் உயரிய ராணுவ விருதின் சான்று. 'ஹேக்சா ரிட்ஜ்' (2016) அவர் கதைதான், ஆனால் அதிலும் சண்டைக் காட்சிகளை இவ்வளவு நீட்டியிருக்க வேண்டாம். ராணுவத்தில் இருந்த என் சித்தப்பா, போர்ப் படத்தில் பின்னணி இசை ஓங்கும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.