வாசலில் கிடந்த லாசர்
ஸ்டேன் சுவாமி அடிகளார் பற்றிய கட்டுரையை வாசித்தபின் நேற்றிரவு தூக்கமே வரவில்லை. திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைக் குரு. ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாக வாடிய ஆதிவாசி இளைஞர்களுக்காக நீதிமன்றம் போனவர். 2020 அக்டோபரில் கைதானபோது அவருக்கு வயது 83. பார்க்கின்சன் நோயில் கை நடுங்கியது. தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டு மனுப் போட வேண்டியிருந்தது! 2021 ஜூலை 5-இல், ஜாமீன் கிடைக்காமலே இறந்தார்.

அவர் சிறையில் இருந்த அந்த மாதங்களில் எங்கள் பங்கு ஆலயத்தில் பீடத்துக்குப் புது கிரானைட் போடுவதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். நானும் பணம் கொடுத்தேன். லூக்கா நற்செய்தி 16-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையில் வரும் செல்வர், ஏழை லாசரை அடிக்கவில்லை, விரட்டவுமில்லை. வாசலில் கிடந்தவரைக் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான். எத்தனை ஞாயிறு பூசையில் கேட்ட வாசகம், இப்போதுதான் உறைக்கிறது. கைதிகளைச் சந்தித்து உதவும் சிறைப்பணிக்கு எங்கள் பங்கில் ஒரு குழுகூட இல்லை. இந்த வாரமே பங்குத்தந்தையிடம் பேசப் போகிறேன்.