பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டால்

பிள்ளை பேசத் தாமதமானால் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஆச்சிமார் வைத்திருக்கும் ஆறுதல் ஒன்று உண்டு: "இவன் மாமனும் அஞ்சு வயசுலதாம்ல வாயத் தொறந்தான்." சில பிள்ளைகளுக்கு அது பலிக்கவும் செய்யும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்து நிறுத்திவிட்ட பிள்ளைக்கும் அதையே சொல்வதுதான் எனக்கு ஆகாது.

எனக்கு மதினி முறையாகும் ஒருத்தியின் மகன், மூன்று வயது தாண்டியவன், வாய் ஓயாமல் கதை சொல்வான். திடீரென்று எதற்கெடுத்தாலும் பயந்தான், அம்மா இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்றான். அப்புறம் பேச்சு ஒவ்வொன்றாகப் போயிற்று. சொல்லிவிட்டுக் கக்கூஸ் போனவன் மறுபடியும் டவுசரிலேயே போக ஆரம்பித்தான். சுடலைமாடன் கோயில் கொடை முடிந்த சமயம் வேறு. "கொடையில பயந்துட்டான்" என்று ஆச்சி சொல்ல, மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மாதங்கள் ஓடிவிட்டன.

வியன்னாவில் தியோடர் ஹெல்லர் என்ற கல்வியாளர் 1908இல் இப்படி ஆறு பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மூன்று, நான்கு வயதுவரை ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்து, கற்றதையெல்லாம் இழந்த பிள்ளைகள். அவர் பேரிலேயே இதை ஹெல்லர் நோய்க்குறி என்பார்கள். திறன்கள் போவதற்குச் சற்று முன்பு பல பிள்ளைகளிடம் காரணமில்லாத பயம் தெரிவதைப் பின்னால் வந்த மருத்துவர்களும் குறித்திருக்கிறார்கள். ஆக, ஆச்சி பார்த்தது சரி. பழிதான் சுடலை தலையில் விழுந்துவிட்டது.

லட்சம் பிள்ளைகளில் ஓரிருவருக்குத்தான் இது வரும், ஆண்பிள்ளைகளுக்கே அதிகம். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதை ஆட்டிசத்துக்குள் சேர்த்துவிட்டது. முழு வாக்கியம் பேசியவன் ஊமையாவதை அதே பெட்டியில் போடுவது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருப்பதால் மாற்றுத்திறனாளி அட்டை வாங்க வழி கிடைக்கிறது, அதுவரைக்கும் சரி.

காரணம் பிடிபடவில்லை, குணமாக்கும் மருந்தும் இல்லை. பிறகு எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பார்கள். இதே மாதிரித் தோன்றும் வேறு நோய்கள் இருக்கின்றனவே! லாண்டாவ்-கிளெஃப்னர் என்று ஒன்று: வலிப்பு வெளியே தெரியாமலே தூக்கத்தில் மூளைக்குள் மின்னோட்டம் தாறுமாறாகும், பேச்சு போய்விடும். கூப்பிட்டால் திரும்பாததால் செவிடு என்றே நினைப்பார்கள். காதுகேளாதோர் பள்ளிக்குப் பேர்போன பாளையங்கோட்டை பக்கத்தில் இருக்கிறதா, நம் ஆட்களின் முதல் சந்தேகம் காது மேல்தான் போகும். மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி.யைத் தூங்கும்போது எடுத்தால்தான் விஷயம் பிடிபடும். அதற்கு மருந்து உண்டு. மணல்வாரி அம்மை வந்து பல வருஷம் கழித்து மூளையைத் தாக்கும் நோயும் உண்டு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை படிப்பில் பின்தங்குவதில்தான் அது பெரும்பாலும் ஆரம்பிக்கும்.

மதினிக்குக் கிடைத்த பட்டம், "செல்போனக் குடுத்துக் கெடுத்துட்டா." செல்போன் பார்த்து எந்தப் பிள்ளைக்கும் ஒன்றுக்குப் போகச் சொல்வது மறந்துபோகாது. உண்மையில் அந்தப் போன்தான் அவளுக்கு உதவியது. காதுகுத்து வீட்டில் அவன் மாமாவோடு வம்பளக்கிற வீடியோவைப் பார்த்த பிறகுதான் நரம்பியல் டாக்டர், இது தாமதமில்லை, இழப்பு என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கயிறு கட்டுகிறவர்கள் கட்டிக்கொள்ளுங்கள். அதே வாரத்தில் பழைய வீடியோக்களை எடுத்துக்கொண்டு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) குழந்தைகள் பிரிவுக்குப் போய், "முன்னால பேசினான், இப்ப பேசல" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.