கமேலியாவை அக்டோபரில் வெட்டலாமா?

நம் சாக்ரமெண்டோ தோட்டக் குழுவில், கமேலியா என்ற பூச்செடியை அக்டோபரில் கவாத்து செய்தால் (கிளைகளை வெட்டிவிட்டால்) மார்ச் கண்காட்சிக்கு நிறையப் பூ கிடைக்கும் என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது. மன்னிக்கவும், அது சரியில்லை. ரோஜா, வெட்டியபின் வரும் புதுக் கிளையில் பூக்கும் என்பதால் இந்தக் குழப்பம் வருவது இயல்புதான். ஆனால் ஜப்பானியக் கமேலியா அடுத்த பருவத்துக்கான மொட்டைக் கோடையிலேயே கட்டிவிடும். அக்டோபரில் நுனியை வெட்டினால் மொட்டும் சேர்ந்தே போகும். செடி சாகாது, பூதான் குறையும். பூத்து முடிந்ததும், புதுத் தளிர் வருமுன் வெட்டுங்கள்.

என் பேச்சை நம்ப வேண்டாம், செடியையே பாருங்கள். செப்டம்பரில் கிளை நுனியில் உருண்டு தடித்திருப்பது பூமொட்டு. பக்கத்தில் ஒல்லியாகக் கூராக இருப்பது இலைமொட்டு. இன்னும் சந்தேகமென்றால் உருண்டதில் ஒன்றைக் கிள்ளிக் குறுக்கே வெட்டுங்கள், உள்ளே இதழ்கள் அடுக்கடுக்காகத் தெரியும்.