பி.காம் கிடைக்காதவர்களின் தமிழ்

போன மாதம் எங்கள் தெரு அக்கா ஒருவர் வந்து, "தம்பி, பிள்ளைக்கு பி.காம் கிடைக்கல. தமிழ்ல போட்டுட்டாவ. யார்கிட்டயாவது சொல்லி மாத்த முடியுமா?" என்று கேட்டார். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் தமிழ் படித்தவன்தான் என்பது அக்காவுக்குத் தெரியும். அதையும் மறந்து கேட்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர்களின் பாதி நேரம் பி.காம், பி.எஸ்சி பிள்ளைகளுக்குப் பகுதி ஒன்று என்கிற பொது மொழிப்பாடமாகத் தமிழ் நடத்துவதிலேயே போனது. பந்தியில் பரிமாறுகிறவர்கள் மாதிரிதான் மொழித்துறைகள். கடைசியில் உட்காரும்போது ரசம்கூட மிஞ்சாது.

நெல்லைப் பக்கம் அபிஷேகப்பட்டியில் இருக்கிற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், மொழிக்கும் இலக்கியத்துக்கும் கலைக்குமென்றே ஒரு உறுப்புக் கல்லூரி, அதாவது தானே நடத்துகிற கல்லூரி, தொடங்க வேண்டும். துறைகள் ஏற்கெனவே இருக்கின்றன, தெரியும். நான் கேட்பது எல்லாம் ஒரே கூரைக்குள் புழங்குகிற இடம்.

1990-இல் அதற்கு வைத்த பெயரே இதைக் கேட்கிறது. மனோன்மணியம் சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவம் நடத்தியவர். நெல்லையிலும் கொஞ்ச காலம் வாத்தியார் வேலை பார்த்தார். திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளை ஆராய்ந்தார், ஞானசம்பந்தரின் காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். அப்புறம் ஒரு ஆங்கிலக் கதையைத் தழுவி 1891-இல் தமிழில் 'மனோன்மணியம்' என்ற செய்யுள் நாடகம் வெளியிட்டார். அதில் வரும் தமிழ்த்தாய் வாழ்த்துக்குத்தான் எழுந்து நிற்கிறோம். (பாதிப் பேர் உதட்டை மட்டும் அசைக்கிறோம், அது வேறு.) இன்றைக்கு அவர் வேலை கேட்டு வந்தால் எந்தத் துறைக்கு அனுப்புவார்கள்?

இந்தச் சீமைக்கு ஒரு மொழி போதாது. வட்டெழுத்து என்கிற பழைய எழுத்துமுறை தெரியாமல் பழைய பாண்டிநாட்டுக் கல்வெட்டுகளைத் தொட முடியாது. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த செங்கோட்டை 1956-இல்தான் நம் பக்கம் வந்தது. அங்கே பழைய ஆவணம் பார்க்க மலையாளம் வேண்டும். காயல்பட்டினத்தில் அரபு எழுத்தில் தமிழ் எழுதினார்கள். இடையன்குடியில் ஊழியம் பார்த்த கால்டுவெல், பல மொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் 1856-இல் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வந்தது.

கலை ஏன் கூட வேண்டும் என்பதற்கு ஒரு சம்பவம். இரண்டாம் ஆண்டில் ஒரு வில்லுப்பாட்டு அண்ணாவியை, அதாவது கூட்டத்தின் தலைமைப் பாடகரை, வகுப்புக்கு அழைத்திருந்தார்கள். பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, வில்லைக் குடத்தோடு சேர்த்துக் கட்டினார். வீசுகோல் நாணில் விழுந்ததும் வில்லில் இருந்த மணிகள் மொத்தமாகக் குலுங்கின. குடத்தின் சத்தம் எனக்கு வயிற்றுக்குள் கேட்டது. நாட்டார் தெய்வம் சுடலைமாடனின் கதை. ஒரு வரி பாடி நிறுத்தி, "இந்தச் சொல்லுக்கு என்னலே அர்த்தம்?" என்று எங்களையே கேட்பார். நன்னூல் இலக்கணத்தில் மனப்பாடம் பண்ணிய, சொற்கள் சேரும்போது வருகிற தோன்றல், திரிதல், கெடுதல் எல்லாம் அவர் வாயிலிருந்து வந்து விழுவதை அன்றைக்குத்தான் காதால் கேட்டேன். முக்கால் மணி நேரத்தில் பெல் அடித்தது. அடுத்த வகுப்புக்கு அறை வேண்டும் என்றார்கள். கதையில் மாடன் இன்னும் பிறக்கவே இல்லை.

அண்ணாவிக்கு பி.எச்டி இல்லையே என்பார்கள். பட்டம் இல்லாவிட்டாலும் தொழிலில் கைதேர்ந்தவர்களை 10 சதவீதப் பணியிடம் வரை பேராசிரியராக அழைக்கலாம் என்று 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியே சொல்லிவிட்டது. கம்பெனி அதிகாரிக்குத் திறக்கும் கதவு கணியான் கூத்து அண்ணாவிக்கும் திறக்கட்டுமே.

சரி, வேலை? தமிழ்நாடு அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வில் 200 கேள்வியில் 100 தமிழ். அதற்குக் கோச்சிங் சென்டரில் பணம் கட்டி உட்கார்ந்திருப்பவர்களில் பி.காம் முடித்த பிள்ளைகளும் உண்டு.

இதையெல்லாம் அக்காவிடம் சொல்லி, மாற்ற வேண்டாம் என்றேன். முழுதாகக் கேட்டார். "நாளைக்கு வேலை இல்லன்னு பிள்ளை நின்னா, ஒன் வாசல்லதான் வந்து உக்காருவேன் தம்பி, பாத்துக்கோ" என்றார்.