குசினிப் புகையைக் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள்

காற்று மாசு என்றால் டில்லியும் கொழும்பும்தான் நமக்கு ஞாபகம் வரும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெரிய தொழிற்சாலைகள் அதிகம் இல்லை, வாகன நெரிசல் குறைவு, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இங்கே ஏது மாசு என்று கேட்பவர்களிடம் திருப்பிக் கேட்க ஒரு கேள்விதான் உண்டு: வீட்டில் எதில் சமைக்கிறீர்கள்?

மாதாந்தக் கிளினிக்கில் பிரஷர் பார்க்கிறார்கள், சீனி பார்க்கிறார்கள், சிகரெட் பழக்கம் இருக்கா என்று கேட்கிறார்கள். அடுப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொடாத அம்மாவுக்கோ உம்மாவுக்கோ மாரடைப்பு வந்தால் "கவலைதான் காரணம்" என்று முடித்துவிடுகிறோம். முப்பது நாற்பது வருசம் விறகடுப்புக்கு முன்னால் நின்றது கணக்கில் வருவதே இல்லை.

புகை என்றால் இருமல், இழுப்பு என்று பழகிவிட்டோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2020இல் வீட்டுப் புகையால் உலகில் இறந்தவர்கள் ஏறத்தாழ 32 இலட்சம் பேர். அதில் 32 வீதம் இருதயக் குழாய் அடைப்பு, 23 வீதம் பாரிசவாதம். நுரையீரல் புற்றுநோய் வெறும் 6 வீதம்தான்.

நடப்பது இதுதான். விறகுப் புகையில் 2.5 மைக்ரோனுக்கும் சிறிய துகள்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குதான் வரும். பெரிய தூசை மூக்கும் சளியும் பிடித்துவிடும். இந்தச் சிறு துகள்களோ நுரையீரலின் அடிக் காற்றுப்பைகள் வரை இறங்கிவிடும். அங்கே அழற்சி கிளம்பி, அதன் இரசாயனங்கள் இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்க ஓடுகின்றன. மிக நுண்ணிய துகள்கள் நேராக இரத்தத்துக்குள்ளேயே போய்விடும். இரத்தக் குழாயின் உட்சுவர் விரிந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது, பிரஷர் ஏறுகிறது, இரத்தம் கட்டும் தன்மை கூடுகிறது. ஏற்கெனவே கொழுப்புப் படிந்த இடம் வெடித்து, அதன்மேல் இரத்தக்கட்டி உட்கார்ந்தால் அதுதான் மாரடைப்பு. புகையோடு வரும் காபனோரொட்சைட்டு வேறு, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஈமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். பாதி அடைபட்ட குழாயால் தவிக்கும் இருதயத்துக்கு அந்தக் குறைந்த ஒட்சிசனும் பெரிய அடி.

பலரும் கவனிக்காத ஒரு சங்கதி இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் குடிக்கும் சிகரெட் புகையை மட்டும் சுவாசிப்பவருக்கே இருதய நோய் ஆபத்து 25 முதல் 30 வீதம் கூடுகிறது. குடிப்பவரோடு ஒப்பிட்டால் அவருக்குள் போகும் புகை மிகச் சொற்பம். அதாவது சேதத்தின் கணிசமான பகுதி முதல் கொஞ்சப் புகையிலேயே நடந்துவிடுகிறது. ஆகவே புகையை அரைவாசியாக்கினால் ஆபத்து அரைவாசியாகாது. நன்றாக அடிமட்டத்துக்கு இறக்கினால்தான் இருதயத்துக்குப் பலன். வெளிக்காற்றிலுள்ள இந்த நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த எல்லை, வருட சராசரியில் கனமீற்றருக்கு 5 மைக்ரோகிராம். இலங்கையின் சட்ட எல்லை 25. காற்றோட்டமில்லாத குசினியில் விறகு எரியும்போது அளவு பல நூறுக்குப் போகும். போனில் தெரியும் காற்றுத்தரச் சுட்டெண் தெருவுக்கு. உங்கள் குசினிக்கு அதில் இடமில்லை.

இதனால்தான் "அனகி அடுப்பு வாங்கியாச்சு, பிரச்சினை தீர்ந்தது" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அனகி என்பது களிமண்ணில் செய்த விறகடுப்பு. அது விறகை மிச்சப்படுத்தும், நல்லதுதான். ஆனால் அதற்குப் புகைபோக்கி இல்லை. வரும் புகை குசினிக்குள்ளேதான் நிற்கும். மண்ணெண்ணெய் அடுப்பும் தீர்வல்ல, அதுவும் நுண்துகள் கக்கும். காஸ் அல்லது கரண்ட்தான் சரி. விலை எல்லாருக்கும் கட்டாது என்பது தெரியும். அப்படியானால் நெடுநேரம் எரியும் வேலையை முதலில் விறகிலிருந்து எடுங்கள்: சோறு ரைஸ் குக்கருக்கு, தேத்தண்ணிக்கும் குளிக்கிற சுடுதண்ணிக்கும் கேத்தல். கறி மட்டும் அடுப்பில் என்றாலே புகைக்குள் நிற்கும் நேரம் நன்றாகக் குறையும்.

விறகுதான் கதி என்றால் புகைபோக்கி கட்டுங்கள். ஆறு அங்குலக் குழாய், வளைவு இல்லாமல் நேராக, கூரை முகட்டைவிட இரண்டு மூன்று அடி உயரமாக. பலர் தாழ்வாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கச்சான் என்கிற மேல்காற்று வீசும்போது காற்று எதிர்த்து அடித்துப் புகை முழுக்கத் திரும்பி உள்ளே வரும், பிறகு "புகைபோக்கி சரிவராது" என்று குழாயின் தலையில் பழி. மாதத்துக்கு ஒருதரம் கரி தட்டாவிட்டாலும் இதே கதைதான். விறகைப் பிளந்து, மழை படாத இடத்தில், நிலத்தில் முட்டாமல் இரண்டு மூன்று மாதம் அடுக்கி வையுங்கள். பச்சை விறகில் பாதி எடை தண்ணீர். தண்ணீரை ஆவியாக்கவே சூடு போய்விடுவதால் நெருப்பு குளிர்ந்து, எரியாத பகுதி புகையாகிறது. சொப்பிங் பேக்கை வைத்து அடுப்பு மூட்டுவதை இன்றைக்கே விடுங்கள். தென்னையின் பன்னாடை, கொக்காரை போதாதா?

நுளம்புத்திரியையும் சொல்ல வேண்டும். ஒரு திரி முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமன் என்று 2003இல் வெளியான ஆய்வொன்று அளந்து சொன்னது. யன்னலைப் பூட்டி, கட்டிலுக்குக் கீழே திரியை வைத்து, விடியும்வரை தூங்குகிறோம். நுளம்புக்கடிக்குப் பயந்து செய்வது என்றாலும், வலை கட்டினால் கடிக்கும் புகைக்கும் சேர்த்து வழி கிடைக்கிறதே.

இனி வயல். முன்பு சூடு மிதித்த காலத்தில் வைக்கோல் போராகக் களவெட்டியில் நின்றது. இப்போது வெட்டு மெசின் அதை வயல் முழுக்க விட்டுப் போகிறது, நெருப்பு வைப்பது சுலபம். சிறுபோக வெட்டும் கச்சான் காற்றும் ஒரே காலம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கொளுத்தினால் புகை வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரை வீடுகளுக்கு வரும். அதிலும் காற்று ஓயட்டும் என்று பொழுதுபட வைக்கிற நெருப்பு மோசம். இரவில் நிலம் குளிர்ந்து புகை மேலெழாமல் தாழ நிற்கும், தரைக்காற்று அதைக் கரையோர ஊர்களுக்குள் தள்ளும்.

கொளுத்துவது வேளாண்மைக்கும் நட்டம். ஒரு தொன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ பொட்டாசியம், 5 முதல் 8 கிலோ நைதரசன் இருக்கிறது. நெருப்பு வைத்தால் நைதரசன் அநேகமாக முழுதும் போய்விடும். 2021இல் உரத்துக்கு அலைந்ததை மறந்துவிட்டோமா? சிறுபோகத்துக்குப் பிறகு பெரும்போக விதைப்புவரை நேரம் இருக்கிறது. வைக்கோலைப் பரப்பிவிட்டு, ஈரம் கண்டதும் முதல் உழவில் புரட்டி, விதைப்புக்கு மூன்று நான்கு கிழமை விட்டால் போதும். அவசரப்பட்டு உடனே விதைத்தால், உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் நைதரசனை இழுத்துக்கொள்ளப் பயிர் மஞ்சளாகும். பெரும்போகம் வெட்டியபின் இடைவெளி குறுகல். அப்போது மாட்டுக்கோ தென்னை அடிக்கோ கட்டி ஏற்றுவதுதான் வழி.

இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள், பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் வயல் எரியும் நாட்களில் பின்னேர நடையை நிறுத்துங்கள்; புகையில்லாத காலையில் கடற்கரைப் பக்கம் போகலாம். சில மணித்தியாலப் புகையே மாரடைப்பைத் தூண்டும் என்று அமெரிக்க இருதயச் சங்கம் 2010இலேயே எழுதிவிட்டது. நனைத்த லேஞ்சியோ துணி மாஸ்க்கோ இந்தத் துகளைப் பிடிக்காது. என்95 தான் வேண்டும், அதுவும் கன்னத்தில் இடைவெளியில்லாமல். அடுத்த கிளினிக்கில் டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: விறகடுப்பு, இத்தனை வருசம், புகைபோக்கி இல்லை. நெஞ்சு இறுக்கம், இடதுகை அல்லது தாடைக்கு ஏறும் நோ, குளிர்ந்த வியர்வை வந்தால் "வாயு" என்று இஞ்சித் தண்ணி குடித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.