உலகக் கோர்ட்டுக்குக் கதவு யார் வீட்டில் இருக்கிறது?

டில்லி முனிர்க்காவில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் கிடைக்கிற ஒரு கடை உண்டு. போன ஞாயிறு அங்கே பாம்பன் தம்பி ஒருவர் பிடித்துக்கொண்டார். இங்கே ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறார். "அண்ணே, நீங்கதான் இதெல்லாம் படிக்கிறீங்களே. கச்சத்தீவை உலகக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனா என்ன? ஒரு தடவை கேட்டுப் பாத்துரலாம்ல?"

பையைப் பிடித்தபடி நின்றுகொண்டு சொல்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹேக் நகரத்தில் இருக்கும் சர்வதேச நீதிமன்றம் நம்ம ஊர் கோர்ட் மாதிரி இல்லை. அங்கே வழக்காட நாடுகளால் மட்டும்தான் முடியும். தமிழ்நாடு போய் நிற்க முடியாது. நாடே போனாலும், எதிராளி நாடு 'இந்த நீதிமன்றம் என்னை விசாரிக்கலாம்' என்று ஏதோ ஒரு வகையில் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். வரப்போகிற வழக்குகளுக்கெல்லாம் சேர்த்து முன்கூட்டியே பொதுச் சம்மதமாகக் கொடுக்கலாம், அல்லது ஏதாவது ஓர் ஒப்பந்தத்தின் வழியாகக் கொடுக்கலாம். எங்கள் குடியிருப்பில் இரண்டு காரை வைத்துக்கொண்டு மூன்று கார் இடத்தை அடைக்கிற ஒருவர் இருக்கிறார். சங்கத்திலிருந்து கடிதம் போனால், "நான் உங்கள் சங்கத்தில் மெம்பரே இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். டில்லியில் அடிக்கடி காதில் விழும் "நான் யார் தெரியுமா" எல்லாம் கிடையாது, ரொம்ப மரியாதையான பதில். வல்லரசுகள் சட்டத்தை மிதிப்பது செய்தியில் வருகிறது. வழக்கே வராதபடி கதவைச் சாத்திக்கொள்வது வருவதில்லை. எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

நிகரகுவா கதையைப் பாருங்கள். அந்த நாட்டு அரசை எதிர்த்த கான்ட்ரா கிளர்ச்சிக்காரர்களுக்கு அமெரிக்கா ஆயுதமும் பணமும் கொடுத்தது, அந்த நாட்டுத் துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்தது. நிகரகுவா 1984 ஏப்ரல் 9 அன்று ஹேக்கில் வழக்குப் போட்டது. அதற்கு மூன்றே நாள் முன்னால், ஏப்ரல் 6 அன்று, 'மத்திய அமெரிக்க நாடுகளோடு உள்ள தகராறுகளுக்கு எங்கள் சம்மதம் செல்லாது' என்று அமெரிக்கா ஒரு கடிதம் கொடுத்திருந்தது. வழக்கு வரப்போகிற வாடை அடித்துவிட்டது போல. நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ஏற்கவில்லை. அமெரிக்கா விசாரணையிலிருந்து எழுந்து போனது. 1985-ல் சம்மதத்தையே மொத்தமாக வாபஸ் வாங்கியது. 1986 ஜூன் 27 அன்று தீர்ப்பு நிகரகுவா பக்கம் வந்தது. அப்போது தலைமை நீதிபதியாக உட்கார்ந்திருந்தவர் நம் நாட்டு நாகேந்திர சிங், துங்கர்பூர் அரச குடும்பத்துக்காரர். தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லிப் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலுக்குப் போனால் அங்கே அமெரிக்கா வீட்டோ போட்டுத் தடுத்துவிட்டது. நஷ்ட ஈடு ஒரு பைசா வரவில்லை. பிறகு நிகரகுவாவில் ஆட்சி மாறி, 1991-ல் அவர்களே வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

வீட்டோ வைத்திருக்கும் ஐந்து நாடுகளில் இன்று இந்தப் பொதுச் சம்மதத்தைக் கொடுத்திருப்பது பிரிட்டன் மட்டும். பிரான்ஸ், பசிபிக்கில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகள் தொடர்பான வழக்கு வந்ததும் 1974-ல் விலகிக்கொண்டது. ரஷ்யா கொடுத்ததே இல்லை. சீனா பழைய அரசு கொடுத்ததை 1972-ல் தள்ளிவிட்டது.

இன்னொன்று. தூதரக உறவு பற்றிய வியன்னா ஒப்பந்தத்துக்கு ஒரு துணை ஒப்பந்தம் உண்டு. வெளிநாட்டில் கைதாகிறவருக்குத் தன் நாட்டுத் தூதரகத்தின் உதவி கிடைக்காவிட்டால், அதை வைத்து ஹேக்குக்குப் போகலாம். ஈரானின் தெஹ்ரானில் தன் தூதரக ஊழியர்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்த விவகாரத்தில் இதை எடுத்துக்கொண்டு ஹேக் போய் 1980-ல் ஜெயித்தது அமெரிக்கா. 2004-ல் தன் சிறைகளில் மரண தண்டனை பெற்றிருந்த மெக்சிகோக்காரர்கள் விஷயத்தில் அதே ஒப்பந்தத்தால் தோற்றதும், 2005-ல் அதிலிருந்து வெளியேறிவிட்டது. பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த குல்பூஷண் ஜாதவ் வழக்கில் 2019-ல் நாம் பாகிஸ்தானை 15-க்கு 1 என்று ஜெயித்தோமே, அதற்கும் வழி இதே ஒப்பந்தம்தான். பாகிஸ்தான் அந்தக் கதவை மூடாமல் விட்டிருந்தது.

சரி, இதுவரை படித்துவிட்டு அமெரிக்காவைத் திட்டத் தயாராகியிருப்பீர்கள். கொஞ்சம் இருங்கள். 1999 ஆகஸ்டில் கட்ச் பக்கம் பாகிஸ்தான் கடற்படை விமானம் ஒன்றை நாம் சுட்டு வீழ்த்தினோம், 16 பேர் இறந்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று நான் பேச வரவில்லை. பாகிஸ்தான் ஹேக்குக்குப் போனது. 2000-ல் நீதிமன்றம் விசாரிக்காமலேயே அனுப்பிவிட்டது. ஏனென்றால் இந்தியா கொடுத்திருக்கும் சம்மதத்தில் ஒரு வரி உண்டு: காமன்வெல்த்தில் இருக்கிற, அல்லது எப்போதாவது இருந்த நாடுகளோடு உள்ள தகராறுகள் சேராது. பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை எல்லாமே அதில் அடக்கம். 1974 செப்டம்பரில் போட்ட பத்திரத்திலும் அந்த வரி உண்டு, 2019-ல் புதுப்பித்தபோதும் அப்படியே வைத்துக்கொண்டோம். கச்சத்தீவு ஒப்பந்தமும் அதே 1974, ஜூன் மாதம்.

ஆக தம்பி, அந்தக் கதவு இரண்டு பக்கமும் பூட்டியிருக்கிறது. இலங்கை பொதுச் சம்மதம் கொடுத்ததில்லை, நாம் அந்தக் காமன்வெல்த் வரியால் இலங்கைக்கும் வாசலைச் சாத்தியிருக்கிறோம். இது போதாதென்று, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது டில்லியேதான். மேடையில் "உலக நீதிமன்றம் செல்வோம்" என்று முழங்குகிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? எனக்குச் சந்தேகம்தான்.

அதற்காக எல்லாம் வெறும் நாடகம் என்று சொல்கிற கூட்டத்திலும் நான் இல்லை. பிரிட்டனும் இதே காமன்வெல்த் வரியை வைத்திருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் கையில் இருந்த சாகோஸ் தீவுகளுக்காக மொரிஷியஸால் நேரே வழக்குப் போட முடியவில்லை. ஐ.நா. பொதுச்சபை வழியாகச் சுற்றிப் போய் ஹேக் நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்துக் கேட்க வைத்தார்கள். அது தீர்ப்பு இல்லை, கருத்து மட்டும்தான். 2019-ல் 13-க்கு 1 என்று அவர்கள் பக்கம் வந்தது. 2025 மேயில் பிரிட்டன் தீவுகளை ஒப்படைக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அங்குள்ள தியாகோ கார்சியா ராணுவத் தளத்தை மட்டும் 99 வருடக் குத்தகைக்கு வைத்துக்கொள்ள அதில் வழி செய்துகொண்டது என்பது வேறு விஷயம்!

நாமும் ஒரு முறை கண்ணியமாகத் தோற்றிருக்கிறோம். வங்கக் கடல் எல்லைக்காகப் பங்களாதேஷ் 2009-ல் கடல் சட்ட ஒப்பந்தத்தின் கீழ் நடுவர் மன்றத்துக்குப் போனது. அந்தக் கதவை நாம் மூடியிருக்கவில்லை. சீனா 2006-லேயே மூடிவிட்டது. 2014 ஜூலையில் தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 பங்களாதேஷுக்குப் போனது. இந்தியா ஏற்றுக்கொண்டது. அன்று நம் தொலைக்காட்சிகளில் இதற்குப் பெரிய சத்தம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. என்னைக் கேட்டால், ஜாதவ் வழக்கில் ஜெயித்ததைவிட இதில் தோற்றதற்குத்தான் நாம் அதிகம் பெருமைப்பட்டிருக்க வேண்டும்.

இதைச் சுருக்கித் தம்பியிடம் சொன்னபோது, "அப்ப அந்த ஒப்பந்தத்துல நமக்குன்னு ஒண்ணுமே இல்லையாண்ணே?" என்றார். ஒன்று இருக்கிறது, ஐந்தாவது பிரிவு: இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம். மீன்பிடிப்பைப் பொறுத்தவரை 1976-ல் இரு நாடுகளும் எழுதிக்கொண்ட கடிதங்கள் அதைக் காலிசெய்துவிட்டன. யாத்திரை மிச்சம்.

"அந்தோணியார் திருவிழாவா?" என்றார். "அம்மா வருஷா வருஷம் பேர் குடுப்பாங்கண்ணே. போட்ல எடம் கெடச்சா போவாங்க."